பாட்டு ஓடும்போது பிராசஸருக்கு ஓய்வு உண்டா? – கணினி கேள்வி பதில்

லேப்டாப் பேட்டரி பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பல, ஒலியைப் பற்றிக் கேட்டிருந்தன. நான் லேப்டாப் பழுது பார்ப்பவன். கடைக்கு வருகிறவர்களும் இதை அடிக்கடி கேட்கிறார்கள். அதனால் இந்த முறை எல்லாக் கேள்விகளும் இதைச் சுற்றியே.

கேள்வி: தினமும் கரூரிலிருந்து திருச்சிக்கு ரயிலில் போய்வருகிறேன். போட்டித் தேர்வு வகுப்புகளின் ஒலிப்பதிவை லேப்டாப்பில் ஓடவிட்டு, திரை வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிட்டுக் கேட்பேன். ஆனாலும் பேட்டரி வேகமாக இறங்குகிறது. இதில் 'ஆடியோ ஆஃப்லோட்' வசதி இருக்கிறது, பேட்டரி மிச்சமாகும் என்று வாங்கிய கடையில் சொன்னார்கள். அது வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகி, கரூர்

பதில்: கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முன்னால், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

இரண்டு சேனல், 16 பிட், நொடிக்கு 48,000 மாதிரி (சாம்பிள்) என்ற வழக்கமான கணக்கில் ஒரு நொடி ஒலி என்பது 1,92,000 பைட். விண்டோஸின் சாதாரணப் பாதையில் இது மொத்தமாகப் போவதில்லை. 10 மில்லி நொடிக்கு ஒருமுறை பிராசஸர் எழுந்து, ஓடிக்கொண்டிருக்கும் எல்லா ஒலிகளையும் கலந்து, 1,920 பைட்டை அனுப்பிவிட்டுப் படுக்கிறது. நொடிக்கு நூறு தடவை இப்படி. ஒவ்வொரு தடவையும் செய்கிற வேலை அற்பம்தான். இன்றைய பிராசஸருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பத்து மில்லி நொடிக்கு ஒருதரம் எழுப்பினால் அது ஆழ்ந்த தூக்கத்துக்குப் போக முடியாமல் அரைத்தூக்கத்திலேயே கிடக்கிறது. பேட்டரியை இழுப்பது அந்த அரைத்தூக்கம்தான்.

மாடித் தொட்டி இல்லாத வீட்டில் குழாயைத் திறக்கும்போதெல்லாம் மோட்டார் போட வேண்டும். தொட்டி இருந்தால் ஒருதரம் நிரப்பிவிட்டு மோட்டாரை அணைத்துவிடலாம். ஆஃப்லோட் என்பது அந்தத் தொட்டி மாதிரி. ஒலிக்கென்று தனியாக டிஎஸ்பி என்ற சின்னச் சில்லு இருக்கிறது. இன்டெல் இதை ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி என்கிறது, ஏஎம்டி ஆடியோ கோப்ராசஸர் என்கிறது. பிராசஸர் ஒரு நொடிக்கோ அதற்கு மேலோ தேவையான ஒலியை மொத்தமாக அதனிடம் கொடுத்துவிடும். கலப்பது, சத்தத்தைக் கூட்டுவது குறைப்பது எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். பிராசஸர் நிம்மதியாகத் தூங்கும்.

கடையில் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. சில்லு இருந்தால் மட்டும் போதாது. டிரைவர், அதாவது சில்லை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள், அந்தப் பாதையைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பாட்டைப் போடும் நிரலும் 'எனக்கு ஆஃப்லோட் வேண்டும்' என்று கேட்க வேண்டும். இந்த மூன்றில் எது குறைந்தாலும் விண்டோஸ் சத்தம் போடாமல் பழைய பாதைக்குப் போய்விடும். பாட்டு நன்றாகவே கேட்கும், எந்த எச்சரிக்கையும் வராது. அதனால்தான் இதைத் தேடிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் பழைய கன்ட்ரோல் பேனலில் சவுண்ட் பகுதியைத் திறந்து, உங்கள் ஸ்பீக்கரின் ப்ராபர்டீஸுக்குள் அட்வான்ஸ்டு என்ற பக்கத்துக்குப் போங்கள். 'இந்தச் சாதனத்தில் ஒலிக்கு ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை அனுமதி' என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சில்லும் டிரைவரும் தயார். பெட்டியே இல்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் உங்கள் ஒலிச் சாதனத்தின் பெயரைப் பாருங்கள். வெறுமனே 'ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்' என்று இருந்தால் அது மைக்ரோசாஃப்டின் பொது டிரைவர், டிஎஸ்பி பக்கமே போகாது. விண்டோஸைப் புதிதாக நிறுவிய பல லேப்டாப்களில் நான் பார்ப்பது இதைத்தான். பாட்டு கேட்கிறதே என்று யாரும் அதற்கு மேல் கவலைப்படுவதில்லை. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்றே இருக்கும் ஒலி டிரைவரைப் போடுங்கள். கண்ட கண்ட 'டிரைவர் அப்டேட்டர்' நிரல்களிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். விண்டோஸ் 11 வந்த புதிதில் 11-ஆம் தலைமுறை இன்டெல் கணினிகள் சிலவற்றில் ஸ்மார்ட் சவுண்ட் டிரைவரின் இரண்டு குறிப்பிட்ட பதிப்புகளால் நீலத்திரை வந்தது. டிரைவர் சரியாகும்வரை அந்தக் கணினிகளுக்குப் புதிய விண்டோஸ் கொடுப்பதையே மைக்ரோசாஃப்ட் நிறுத்தி வைத்திருந்தது. ஒலி டிரைவரில் எண்கள் முக்கியம்.

பெட்டி இருக்கிறது, டிக்கும் இருக்கிறது என்றால் அடுத்து அளந்து பார்ப்பதுதான். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச நிரலில் பேட்டரிப் பகுதி உண்டு. எத்தனை வாட் வெளியேறுகிறது என்பதையும் அதன் சராசரியையும் காட்டும். சார்ஜரைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள், திரை வெளிச்சத்தை ஓரிடத்தில் நிறுத்துங்கள். எதுவும் ஓடாமல் பத்து நிமிடம் சராசரி எடுங்கள். பிறகு ஒரே ஒலிப்பதிவை டிக் இருக்கும்போது பத்து நிமிடம், டிக்கை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம். டிக்கை மாற்றியதும் பாட்டு நிரலை மூடித் திறக்க வேண்டும். எந்தப் பாதை என்பது ஒலி தொடங்கும்போதே முடிவாகிவிடுகிறது, நடுவில் மாறாது.

டிக் இருக்கும்போது வரும் எண் தெளிவாகக் குறைந்திருந்தால் ஆஃப்லோட் நடக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் நிரல்தான் கேட்கவில்லை. விண்டோஸோடு வரும் மீடியா பிளேயரில் அதே சோதனையைச் செய்து பாருங்கள், அங்கே நடப்பதற்கு வாய்ப்பு அதிகம். பழைய டெஸ்க்டாப் நிரல்கள் பல ஆஃப்லோட் கேட்பதே இல்லை. பிரவுசரில் ஓடவிட்டுக் கேட்கிறீர்கள் என்றால் அதை விட்டுவிடுங்கள். பக்கமும் விளம்பரங்களும் பிராசஸரை எழுப்பிக்கொண்டேதான் இருக்கும். வகுப்புகளைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ள அனுமதி இருந்தால் அதுவே நல்லது.

ஒரு வாட் மிச்சமானால் பெரிய விஷயமா என்று தோன்றலாம். 50 வாட்-மணி பேட்டரி, 6 வாட் செலவில் 8 மணி 20 நிமிடம் வரும். 5 வாட்டில் 10 மணி நேரம் வரும். ரயிலில் படிக்கிற உங்களுக்கு அது ஒரு வகுப்புக்கு மேல்.

கேள்வி: பாட்டு எதுவும் ஓடவில்லை. ஆனாலும் லேப்டாப் தானாகத் தூங்கப் போவதில்லை, அடிப்பக்கம் லேசாகச் சூடாகவே இருக்கிறது. ஆஃப்லோட் கெட்டுப்போய்விட்டதா? – கல்லூரி ஆசிரியர், கோவை

பதில்: இந்தக் கேள்வி எனக்கு முதல் கேள்வியைவிட முக்கியமாகப்படுகிறது. பேட்டரி விஷயத்தில் பாட்டு ஓடும் நேரத்தைவிட ஓடாத நேரத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நாளில் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பவருக்கு மிச்ச நேரமெல்லாம் ஒலிச் சாதனம் அணைந்திருக்க வேண்டும். அது அணையாமல் விழித்துக் கிடந்தால், ஆஃப்லோட் மிச்சம் பிடிப்பதைவிட அதிகமாக அங்கே போய்விடும்.

கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையை, சாய்கோடு போட்டு ரிக்வெஸ்ட்ஸ் என்ற சொல்லோடு கொடுங்கள். கணினியைத் தூங்கவிடாமல் பிடித்து வைத்திருப்பவர்களின் பட்டியல் வரும். சிஸ்டம் என்ற தலைப்பின் கீழ் உங்கள் ஒலி டிரைவரின் பெயரும், 'ஓர் ஒலி ஓட்டம் பயன்பாட்டில் உள்ளது' என்ற பொருளில் ஆங்கில வரி ஒன்றும் இருந்தால், காதுக்குக் கேட்காத ஏதோ ஒன்று ஒலிப் பாதையைத் திறந்து வைத்திருக்கிறது.

போன வாரம் ஒரு மாணவியின் லேப்டாப் இதே புகாரோடு வந்தது. ஸ்பீக்கர் நிசப்தம், பட்டியலில் ஒலி ஓட்டம் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் 'விண்டோஸ் ஆடியோ டிவைஸ் கிராஃப் ஐசோலேஷன்' என்ற வரி பூஜ்ஜியத்துக்கு இறங்காமல் சின்ன எண்ணில் ஆடிக்கொண்டே இருந்தது. ஒலிகளைக் கலக்கும் நிரல் அதுதான். வேலையே இல்லாவிட்டால் அது அசையக்கூடாது. பிரவுசர் தாவல்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தேன். ஓர் ஆன்லைன் விளையாட்டுப் பக்கத்தை மூடியதும் பட்டியல் காலி. விளையாட்டு நின்று எவ்வளவோ நேரமாகியும் அந்தப் பக்கம் ஒலி எந்திரத்தை மூடாமல் வெறும் நிசப்தத்தையே பாட்டாக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. கணினிக்கு நிசப்தமும் ஓர் ஒலி ஓட்டம்தான்.

உங்களுடையதிலும் இப்படியே செய்யுங்கள். தாவல்களுக்கு அடுத்தபடியாக, அசையும் வால்பேப்பர் நிரல், மைக் இரைச்சலைக் குறைக்கும் நிரல், வீடியோ கூட்டம் முடிந்தும் மூடாமல் விட்ட நிரல் இவற்றைப் பாருங்கள். அப்படியும் பிடிபடவில்லை என்றால் அதே கட்டளையை எனர்ஜி என்ற சொல்லோடு கொடுங்கள். ஒரு நிமிடம் கணினியைக் கவனித்து அறிக்கை ஒன்று எழுதித் தரும். அதில் டைமர் பற்றிய பகுதியில், எந்த நிரல் கணினியின் கடிகாரத்தை வேகமாகத் துடிக்கச் சொல்கிறது என்று பெயரோடு இருக்கும். உங்கள் ஆஃப்லோட் கெட்டுப்போகவில்லை. அதற்கு இன்னும் முறையே வரவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: உபுண்டு போட்ட பழைய லேப்டாப் வைத்திருக்கிறேன். லினக்ஸில் இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது? – மென்பொருள் பயிற்சியாளர், மதுரை

பதில்: லினக்ஸில் பார்ப்பது இன்னும் சுலபம், எல்லாம் கண்ணெதிரே கோப்பாக இருக்கிறது. ப்ராக் கோப்பகத்துக்குள் ஏசவுண்ட் என்ற இடத்தில் உங்கள் ஒலி அட்டைக்கான அடைவு இருக்கும். அதில் ஒவ்வொரு ஒலிப் பாதைக்கும் ஸ்டேட்டஸ் என்று ஒரு கோப்பு. பாட்டு ஓடாதபோது அதில் 'க்ளோஸ்டு' என்று இருக்க வேண்டும். 'ரன்னிங்' என்றிருந்தால் யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள். அதே அடைவில் கோடெக் (ஒலிச் சில்லு) கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு உறுப்புக்கும் பவர் என்று ஒரு வரி. டி0 என்றால் விழிப்பு, டி3 என்றால் தூக்கம். பாட்டை நிறுத்திச் சில நொடிகள் கழித்து டி3-க்குப் போகிறதா பாருங்கள். பைப்வயர் என்ற ஒலி நிரல் உள்ள உபுண்டுவில் ஐந்து நொடி சும்மா இருந்தால் அது சாதனத்தை விட்டுவிடும். அதன் பிறகு கோடெக்கைத் தூங்கவைப்பது கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) டிரைவரின் பவர்சேவ் அமைப்பு. அதில் பூஜ்ஜியம் இருந்தால் தூக்கமே கிடையாது. ஒன்றோ பத்தோ இருந்தால் அத்தனை நொடியில் தூங்கும். மின்செலவைக் காட்டும் பவர்டாப் நிரலின் ட்யூனபிள்ஸ் பக்கத்திலும் இதே விஷயம் 'குட்', 'பேட்' என்று தெரியும்.

பாட்டு ஓடும்போது பைப்வயரின் டாப் கருவியில் க்வான்டம் என்ற பத்தியைப் பாருங்கள். ஒரு தடவைக்கு எத்தனை மாதிரி என்பது அது. பொதுவாக 1,024 இருக்கும். 48,000-ஐ அதனால் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 47 தடவை எழுப்புகிறது என்று அர்த்தம். எண் சிறுத்து 256 என்றோ 128 என்றோ நின்றால், ஏதோ ஒரு நிரல் 'எனக்குத் தாமதமே கூடாது' என்று கேட்டிருக்கிறது. அதை மூடினால் எண் திரும்ப ஏறும்.

உண்மையான ஆஃப்லோடைப் பொறுத்தவரை லினக்ஸ் லேப்டாப்பில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சுருக்கிய எம்பி3 தரவை அப்படியே சில்லிடம் கொடுக்கும் வழி 2012-இல் வந்த 3.3 கர்னலிலேயே இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் போன்களில்தான் பயன்படுகிறது. பூட் பதிவுகளில் எஸ்ஓஎஃப் என்ற பெயரைப் பார்த்து, 'ஆஹா, டிஎஸ்பி வேலை செய்கிறது' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அது 2018-இல் இன்டெல் முன்னின்று திறந்துவிட்ட டிஎஸ்பி மென்பொருள், அருமையான வேலை. ஆனால் டிஎஸ்பி ஓடுகிறது என்பதாலேயே பிராசஸர் தூங்குகிறது என்று ஆகிவிடாது. பவர்டாப்பின் ஐடில் பக்கத்தில் பேக்கேஜ் என்ற பத்தியைப் பாருங்கள். பாட்டு ஓடும்போதும் சி8, சி10 போன்ற ஆழமான நிலைகளில் சதவீதம் ஏறினால்தான் தூக்கம். பழைய லேப்டாப் என்கிறீர்கள், அந்த எண்கள் உங்கள் பிராசஸரில் இல்லாமலும் போகலாம். அதில் இருப்பவற்றுள் மிக ஆழமானதைப் பாருங்கள்.

கேள்வி: பேட்டரி மிச்சத்துக்காக லினக்ஸில் பவர்சேவை ஒன்று என வைத்தேன். இப்போது ஒவ்வொரு அறிவிப்பு ஒலிக்கும் முன்னால் ஸ்பீக்கரில் 'டப்' என்று சத்தம். ஸ்பீக்கர் போய்விடுமா? – திருநெல்வேலி வாசகர்

பதில்: போகாது. ஒலிச் சில்லின் மின்சாரம் விட்டு வரும்போது எழும் சத்தம் அது. ஃபெடோரா என்ற லினக்ஸின் 28-ஆம் பதிப்பில் (2018) இந்தத் தூக்கத்தை இயல்பாகவே போட்டபோது, சில மாடல்களில் மட்டும் இப்படி 'டப்' வருவது தெரிந்து, அவற்றுக்கென்று கர்னலில் விலக்குப் பட்டியலே உண்டாயிற்று. நீங்கள் எண்ணைப் பத்தாக மாற்றிப் பாருங்கள், சத்தம் அடிக்கடி வராது. அப்படியும் பொறுக்க முடியவில்லை என்றால் பூஜ்ஜியம் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பக்கத்தில் குழந்தை தூங்குகிற வீட்டில் நான் அதைத்தான் வைக்கச் சொல்வேன்.

கேள்வி: 1990-களில் சவுண்ட் பிளாஸ்டர் அட்டை போட்டு விளையாடியவன் நான். அப்போதே ஒலியை அட்டைதானே பார்த்துக்கொண்டது? இதில் என்ன புதுமை? – ஓய்வுபெற்ற பொறியாளர், தஞ்சாவூர்

பதில்: சரியாகச் சொன்னீர்கள் ஐயா. 1994-இல் வந்த ஏடபிள்யூஈ32 அட்டை, இசைக் கருவிகளின் ஒலிகளைத் தன் சில்லிலேயே உண்டாக்கிக் கலந்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலம்வரை விளையாட்டுகள் விண்டோஸின் டைரக்ட்சவுண்ட் என்ற ஒலிப் பாதை வழியாக அட்டையிடம் நேராக வேலை கொடுத்தன. 2007-இல் விஸ்டா வந்தபோது அந்தப் பாதையை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. கலக்கும் வேலையைக் கர்னலுக்கு வெளியே கொண்டுவந்து பிராசஸரிடமே கொடுத்தது. ஒலி டிரைவர் சொதப்பினால் மொத்தக் கணினியும் விழக்கூடாது என்பது நோக்கம். ஈஏஎக்ஸ் ஒலி விளைவுகளுக்காக அட்டை வாங்கியவர்கள் கொதித்தார்கள். கிரியேட்டிவ் நிறுவனம் ஆல்கெமி என்ற நிரலைக் கொடுத்துச் சமாளித்தது.

பிறகு 2012-இல் விண்டோஸ் 8-இல் வேலை மறுபடியும் சில்லுக்குப் போனது, ஆனால் வேறு காரணத்துக்காக. உங்கள் காலத்தில் பிராசஸருக்குச் சக்தி போதாது, அதனால் அட்டை உதவியது. இன்று பிராசஸருக்குச் சக்தி தேவைக்கு மேல். டேப்லெட்டில் திரை அணைந்தபின் பாட்டு மட்டும் ஓட வேண்டும், அதற்காக அவ்வளவு பெரிய பிராசஸர் விழித்திருக்கக்கூடாது. உங்கள் அட்டை வேகத்துக்கு வந்தது, இந்தச் சில்லு பேட்டரிக்காக வந்திருக்கிறது. அதனால் விளையாட்டில் இன்று ஆஃப்லோடால் பயன் கிடையாது. விளையாட்டுக்குத் தாமதமில்லாத சின்னப் பஃபர் (ஒலியைச் சேர்த்து வைக்கும் தொட்டி) வேண்டும், ஆஃப்லோடுக்குப் பெரிய பஃபர் வேண்டும்.

கேள்வி: போனில் டெவலப்பர் ஆப்ஷனில் 'புளூடூத் ஏ2டிபி ஹார்டுவேர் ஆஃப்லோடை முடக்கு' என்று இருக்கிறது. முடக்கினால் ஒலி நன்றாக இருக்கும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா? – யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: ஒலி விட்டு விட்டுக் கேட்டால் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒருமுறை முடக்கிப் பார்க்கலாம், அதற்கு அது நல்ல சோதனை. முடக்கியதும் சரியானால் கோளாறு டிஎஸ்பி பாதையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மற்றபடி அப்படியே விடுங்கள். முடக்கினால் புளூடூத்துக்கு ஒலியைச் சுருக்கும் வேலை டிஎஸ்பியிடமிருந்து பிராசஸருக்கு வந்துவிடும். போன்களில் ஆஃப்லோட் நன்றாகவே பழகிப்போன விஷயம். 2013-இல் ஆண்ட்ராய்டு 4.4 வந்தபோது நெக்ஸஸ் 5-இல் 60 மணி நேரம்வரை பாட்டுக் கேட்கலாம் என்று கூகுள் விளம்பரப்படுத்தியது இதை வைத்துத்தான்.

கேள்வி: யூஎஸ்பி ஹெட்செட் போட்டால் அந்த டிக் பெட்டி காணாமல் போகிறதே? – வாசகி, சேலம்

பதில்: யூஎஸ்பி ஹெட்செட்டுக்குள்ளேயே தனி ஒலி அட்டை இருக்கிறது. அதைப் போட்டதும் பெரும்பாலான லேப்டாப்களில் ஒலி டிஎஸ்பி பக்கம் போவதே இல்லை, பிராசஸரிலிருந்து யூஎஸ்பி வழியாக நேராக ஹெட்செட்டுக்குப் போகிறது. பேட்டரியில் பாட்டுக் கேட்கும் நேரத்தில் 3.5 மில்லிமீட்டர் ஓட்டையில் சாதாரண இயர்போனைச் செருகிக்கொள்ளுங்கள். யூஎஸ்பி ஹெட்செட், லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது கூட்டங்களுக்கு. வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிடுங்கள்.